ஸ்கேட் திடல்: கிராணி முதல் தம்பி வரை பத்துக் கேள்விகள்

பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறுநகரிலிருந்து இந்த முறை ஒரே விஷயத்தைப் பற்றிப் பல கடிதங்கள். மாவட்ட மன்றம் அங்கே இளையோருக்குப் பொது ஸ்கேட்போர்டு திடல் ஒன்று அமைக்க யோசிக்கிறது. ஊரில் பாதிப் பேர் வேண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் விட்டுவிட்டோம். கட்டுமானம், நிலம், விளையாட்டு ஆகியவற்றை அறிந்த எங்கள் குழு பதில் சொல்கிறது.

பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்புக்கே இடமில்லை. இதில் பலகையில் சறுக்குவதற்கு ஒரு திடலா? இதெல்லாம் ஒரு விளையாட்டா? நாளைக்கு இதுவும் 'பாசிக்கல் லாஜாக்' (பிரேக் கழற்றி மாற்றியமைத்த சைக்கிளில் சாலையில் பறப்பது) மாதிரி ஆகாது என்று என்ன நிச்சயம்? — ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

விளையாட்டுத்தான், ஐயா. 2018 ஜகார்த்தா-பலெம்பாங் ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே சேர்த்துவிட்டார்கள். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 'ஸ்ட்ரீட்' பிரிவில் (படிக்கட்டு, திண்டு, கம்பி என்று தெருவில் இருப்பவைபோன்ற அமைப்புகளில் ஓட்டுவது) தங்கம் வாங்கிய ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கும் வெள்ளி வாங்கிய பிரேசிலின் ரைசா லியாலுக்கும் அப்போது வயது 13.

லாஜாக் பயம் நியாயமானது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் லாஜாக் ஓட்டிய 8 சிறுவர்கள் உயிரிழந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் அது நடந்தது பின்னிரவில், கார்கள் ஓடும் பெருஞ்சாலையில். திடல் கேட்பதே சாலையிலிருந்து இறங்கி வருவதற்காக.

டியூஷனா திடலா என்று இரண்டையும் மோதவிட வேண்டாம். இரண்டுக்கும் பணம் வரும் வழி வேறு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஊரில் உண்மையிலேயே எத்தனை பிள்ளைகள் பலகை வைத்திருக்கிறார்கள்? இரண்டு வார இறுதிகளில் மாலை 5.30 முதல் 8 மணி வரை கடைத்தெருவிலும் பள்ளி வாசலிலும் சமூக மண்டபத்து முன்னாலும் ஆள் நிறுத்தி எண்ணுங்கள். ஸ்கேட்போர்டு, ஸ்கூட்டர், பி.எம்.எக்ஸ். சைக்கிள், சக்கரக் காலணி எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். மொத்தமே ஐந்தாறு பேர்தான் என்றால் திடலை இப்போதைக்கு மறந்துவிடலாம். இருபதைத் தாண்டினால் பேசத் தொடங்கலாம். ஊர்க் கூட்டத்தில் குரலை உயர்த்திப் பேசுவதைவிட இந்த ஒரு தாளுக்கு மாவட்ட மன்றத்தில் மதிப்பு அதிகம்.

எங்கள் பந்துத் திடலில் பாதியைக் கேட்கிறார்கள். விட்டுக்கொடுக்க வேண்டுமா? — தோட்டக் காற்பந்துக் குழுச் செயலாளர்

வேண்டியதில்லை. கொடுத்தாலும் சரிப்படாது. புல் திடலில் தண்ணீர் நின்று வடியும். அதன் ஓரத்தில் போட்ட தளத்துக்கு அடியில் மண் ஊறி, ஓரிரு மழைக்காலத்தில் ஒரு பக்கம் இறங்கிவிடும். பந்து பறந்து வந்து, பலகையில் போகிறவனின் காலில் சிக்குவது வேறு.

முதலில் அந்த நிலம் யாருடையது என்று பாருங்கள். தோட்டப்புற ஊர்களில் இதுதான் தலைவலி. ஐம்பது வருடமாக ஊர் விளையாடிய திடலாக இருக்கும். பட்டாவைப் பார்த்தால் தோட்ட நிறுவனத்தின் பெயரில் கிடக்கும். அப்படியானால் மாவட்ட மன்றம் அதில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. நாளைக்கு நிறுவனம் நிலத்தை விற்றால் திடலும் போகும். நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்துத் தேடல் செய்து, தாளில் வாங்கி வையுங்கள். அரசு நிலமாக இருந்து, தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின் கீழ் ஒதுக்கப்பட்டிருந்தால், அரசிதழில் எந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுதியிருக்கும். 'விளையாட்டுத் திடல்' என்றிருந்தால் பெரிய சிக்கல் இல்லை. சந்தை, இடுகாடு, பள்ளி என்று வேறு ஏதாவது இருந்தால் ஒதுக்கீட்டை மாற்றும் வேலை தனியாக நடக்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும்.

பெரும்பாலான சிறுநகரங்களில் நல்ல இடம் ஒன்று சும்மா கிடக்கும். வலை கிழிந்துபோன பழைய டென்னிஸ் தளம், யாரும் ஆடாத செப்பாக் தக்ராவ் தளம், மூடிப்போன சந்தையின் வாகன நிறுத்துமிடம். அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

கடை முன் அஞ்சடியில் ஓடு பெயர்ந்துவிட்டது. படிக்கட்டின் விளிம்பெல்லாம் மெழுகுக் கறை. திடல் கட்டினால் இந்தப் பிள்ளைகள் போய்விடுவார்களா? — மளிகைக் கடைக்காரர்

எல்லாரும் போகமாட்டார்கள். ஆனால் எதற்கு வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலோரை இழுத்துவிடலாம். அவர்களுக்கு வேண்டியது உங்கள் கடையில்லை. வழவழப்பான தரை, முழங்காலுக்குக் கீழே நிற்கும் நேரான விளிம்பு, மழைக்கு ஒதுங்கக் கூரை, இரவில் வெளிச்சம். இந்த நான்கும் அஞ்சடியில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. மெழுகு எதற்கென்றால், பலகையின் அடிப்பகுதியோ சக்கர அச்சோ விளிம்பில் உரசி வழுக்கிப் போக.

பல ஊர்களில் கோட்டை விடுவது இங்கேதான். உயரமான வளைவுச் சரிவு இரண்டைக் கட்டிவிட்டு, தாழ்வான திண்டு ஒன்றுகூட வைக்கமாட்டார்கள். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் பழகுவது திண்டிலும் சமதரையிலும். அது இல்லாத திடல் ஒரு மாதத்தில் வெறிச்சோடும். கூட்டம் மறுபடி உங்கள் படிக்கட்டுக்கு வரும். ஆக, திண்டு வேண்டும் என்று கூட்டத்தில் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

இதற்கிடையில், படிக்கட்டு விளிம்பில் 60 செண்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு இரும்புக் குமிழ்களை அடித்துவிடுங்கள். விளிம்பில் உரசிப் போவது அதோடு நிற்கும்.

நான் சிறு குத்தகைக்காரன், சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு உண்டு. வீட்டு முற்றம், வடிகால், கூடத் தளம் எல்லாம் போட்டிருக்கிறேன். இந்தத் தளத்தில் அப்படி என்ன வித்தியாசம்? என்ன அளவு, எவ்வளவு கான்கிரீட்? — குத்தகையாளர்

வித்தியாசம் சக்கரத்தில் இருக்கிறது. ஸ்கேட்போர்டு சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் 50 முதல் 56 மில்லிமீட்டர். கல் போன்ற யூரித்தேன். சைக்கிள் டயர் கண்டுகொள்ளாத 5 மி.மீ. சரளைக்கல் அதை அப்படியே நிறுத்திவிடும். பலகை நிற்கும், ஆள் பறப்பான். இரண்டு தளங்கள் சேரும் இடத்தில் 3 மி.மீ. ஏற்றத்தாழ்வு இருந்தாலே தட்டும். வீட்டு முற்றத்தில் யாருக்கும் தெரியாத குறை, இங்கே மணிக்கட்டு எலும்பில் தெரியும்.

முதல் திடலுக்கு 18 × 30 மீட்டர் போதும். 540 சதுர மீட்டர், முழு அளவு ஃபுட்சால் தளத்தைவிடச் சிறியது. இதற்குமேல் ஆசைப்பட்டால் பணம் பரப்புக்குப் போய், தரத்துக்கு இல்லாமல் போகும்.

அடித்தளத்திலிருந்து வருவோம். மேல்மண்ணை 150–200 மி.மீ. வரை வழித்தெடுங்கள். பழைய தோட்ட நிலம் என்றால் புதைந்த செம்பனை அடிமரமும் ரப்பர் வேரும் இருக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் மண்ணைத் தள்ளி மூடினால், மரம் மக்கி இரண்டு மூன்று வருடத்தில் அந்த இடம் குழி விழும். பிறகு மேலே எத்தனை முறை பூசினாலும் பயனில்லை. கடலோரத்துக் கரிமண் என்றால் மண் பரிசோதனை இல்லாமல் கையே வைக்காதீர்கள். அது தளத்தோடு சேர்ந்து இறங்கும். நல்ல மண்ணில் 150 மி.மீ. கிரஷர் ரன் (உடைத்த கல்லும் கல்தூளும் கலந்தது) கொட்டி, இரண்டு அடுக்காக ரோலர் விட்டு இறுக்குங்கள். அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு.

தளம் 125 மி.மீ. கனம், கிரேட் 30 கான்கிரீட், பி.ஆர்.சி. ஏ8 கம்பி வலை. 540 × 0.125 போட்டால் 67.5 கன மீட்டர். சேதாரம் சேர்த்து 72 என்று வையுங்கள். ஒரு லாரிக்கு 7 கன மீட்டர் என்றால் பத்துப் பதினோரு லாரி. வலை ஒரு தாள் 6 × 2.2 மீட்டர், ஒன்றன்மேல் ஒன்று 200 மி.மீ. ஏறி நிற்க வேண்டும் என்பதால் சுமார் 47 தாள், வெட்டுச் சேதாரத்தோடு 50. வலையைத் தரையில் போட்டுவிட்டுக் கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்ற பழக்கம் இங்கே ஆகாது. சிமெண்டுக் கட்டை வைத்துத் தளத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். அடியில் கிடக்கும் வலை மேல் விரிசலைத் தடுக்காது.

ஒரே நாளில் முழுவதையும் ஊற்ற முயலாதீர்கள். 6 மீட்டர் அகலத்தில் மூன்று பட்டைகள். ஒரு பட்டைக்கு 22.5 கன மீட்டர், மூன்று நான்கு லாரி, ஒரு நாள் வேலை. காலை 7 மணிக்கு முதல் லாரி நிற்க வேண்டும். பிற்பகல் 3 மணி மழைக்கு முன் மேற்பரப்பு இறுகியிருக்க வேண்டும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே 16 மி.மீ. கம்பித் துண்டுகளை 300 மி.மீ. இடைவெளியில் வையுங்கள், ஒரு பாதிக்குக் கிரீஸ் தடவி. இது இல்லையென்றால் ஒரு பட்டை மேலேயும் ஒன்று கீழேயுமாக நிற்கும்.

சரிவு 1 முதல் 1.5 விழுக்காடு, ஒரே பக்கமாக. 18 மீட்டர் அகலத்துக்கு 1.5 விழுக்காடு என்றால் 27 செ.மீ. இறக்கம். அதைத் தாண்டினால் பலகை தானாக உருளும். 1-க்குக் கீழே போனால் தண்ணீர் தேங்கும்.

இனி மேற்பரப்பு. பெரும்பாலான திடல்கள் கெடுவது இங்கேதான். துடைப்பம் இழுத்த சொரசொரப்பு வேண்டாம். பவர் ட்ரவல் என்ற தேய்ப்பு இயந்திரமும் எஃகுக் கரண்டியும் கொண்டு வழவழப்பாக முடியுங்கள். கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்க்கவும் வேண்டாம், தூசு விழுந்தால் வழுக்கும். நம் கொத்தனார்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. ஈரம் மேலே வந்ததும் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆறு மாதத்தில் அந்தத் தோல் உரிந்து மாவாகக் கொட்டும். கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். லாரிக்காரர் 'கெட்டியாக இருக்கிறது' என்று குழாய்த் தண்ணீரைத் திறப்பதையும்தான். சமதளத்துக்கு ஸ்லம்ப் (ஈரக் கான்கிரீட் அச்சை எடுத்ததும் அமர்ந்து இறங்கும் அளவு) 75–100 மி.மீ. வந்தால் வேலை நடக்கும். 150 மி.மீ. அச்சில் கியூப் என்ற சோதனைக் கட்டி எடுத்து 28ஆம் நாள் பலம் பாருங்கள்.

கான்கிரீட் இறுகிய அன்றே, நம் வெயிலுக்கு 6 முதல் 12 மணி நேரத்துக்குள், 3 மீட்டருக்கு ஒன்றாக 3 மி.மீ. அகலத்தில் ரம்பக் கோடு வெட்டுங்கள். ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது 32 மி.மீ. 'நாளைக்கு வெட்டலாம்' என்று விட்டால் தளம் தன் இஷ்டத்துக்கு விரிந்துவிடும். பிறகு 7 நாள் சாக்கு போட்டு ஈரம் காயாமல் காக்க வேண்டும். பிள்ளைகள் நான்காம் நாளே வேலியேறி வந்துவிடுவார்கள், காவல் வையுங்கள்.

திண்டு: 3 மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம். விளிம்பில் 50 × 50 × 6 மி.மீ. ஆங்கிள் இரும்பு, பின்னால் கம்பி பற்றவைத்து கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டும். திருகாணி போட்டுப் பொருத்தினால் ஒரு வருடத்தில் ஆடும். அதே உயரத்தில் ஒரு சதுரக் கம்பித் தண்டவாளம். 15 செ.மீ. உயரத்தில் தாழ்வான மேடை ஒன்று. 20 பாகைச் சாய்வுத்தளம் ஒன்று, உயரம் 90 செ.மீ.; தரையில் அது 2.5 மீட்டர் பிடிக்கும். எதிர்ப் பக்கத்தில் வளைவுச் சரிவு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 6 முதல் 8 மீட்டர் ஓட்டத்துக்கு வெற்றுத் தரை. இருக்கிற இடத்தையெல்லாம் சாமான்களால் அடைத்துவிட்டால் எதையுமே பயன்படுத்த முடியாது.

வளைவுச் சரிவின் கணக்கு: உயரம் 90 செ.மீ., ஆரம் 2 மீட்டர். தரையில் 1.67 மீட்டர் நீளம் பிடிக்கும், வளைவின் மேல் அளந்தால் ஏறத்தாழ 2 மீட்டர். ஒட்டுப்பலகையில் 2 மீட்டர் ஆரத்தை வரைந்து வெட்டி இரு பக்கமும் நிறுத்துங்கள். ஸ்லம்ப் 25–50 என்று கெட்டியாகக் கலந்து, கீழிருந்து மேலாக வைத்து, நேர்க்கட்டையை இரண்டு அச்சுகளின்மேல் படுக்கப்போட்டு மேலிருந்து கீழே இழுத்து வழியுங்கள். மேல் விளிம்பில் வரும் குழாயில்தான் உங்கள் கைத்திறன் தெரியும். வெளிவிட்டம் 60 மி.மீ., சூடாக முக்கித் துத்தநாகம் பூசியது. மேடையிலிருந்தும் சரிவு முகத்திலிருந்தும் 6 முதல் 8 மி.மீ. மட்டும் துருத்த வேண்டும். 20 மி.மீ. துருத்தினால் இறங்கும்போது பின்சக்கரம் மாட்டி, தலைகுப்புற விழுவார்கள். சமமாக இருந்தால் அச்சு பிடிக்காது, குழாய் இருந்தும் இல்லாத கதை. மேலே நிற்கும் மேடை 1.5 மீட்டருக்குக் குறையக்கூடாது.

வேலை தொடங்குமுன் ஒரு சதுர மீட்டர் மாதிரித் தளமும் அரை மீட்டர் அகல வளைவும் தனியே செய்து, ஊர்ப் பையன்களை ஏறி ஓட்டச் சொல்லுங்கள். அவர்கள் ஒத்துக்கொண்டபின் மற்றதைத் தொடங்கலாம்.

ஃபுட்சால் தளத்தில் வைக்க இரும்புச் சட்டம் போட்ட ஒட்டுப்பலகைச் சரிவுகளை வாங்கினால் செலவு குறைவு, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மன்ற உறுப்பினர். — குடியிருப்பாளர் சங்கம்

வாங்காதீர்கள். நம் ஈரத்தில் ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிரியும், திருகாணித் தலைகள் மேலே எழும்பும், சரிவின் அடியில் உள்ள தகரம் வளைந்து நிற்கும். உள்ளே வெற்றிடம் என்பதால் ஒவ்வொரு தட்டும் தவில் அடித்த மாதிரி கேட்கும். ஃபுட்சால் ஆடுகிறவர்களோடு தினமும் சண்டை வேறு. ஒரு வருடம் கழித்து உடைந்த சாமான்களைக் காட்டி, 'பார்த்தீர்களா, பிள்ளைகள் பொறுப்பில்லாதவர்கள்' என்பார்கள். அதோடு அந்த ஊரில் இந்தப் பேச்சே முடிந்துவிடும். பணம் குறைவென்றால் சமதரையும் இரண்டு திண்டும் மட்டும் கான்கிரீட்டில் போடுங்கள். சரிவுகளை அடுத்த ஆண்டு சேர்க்கலாம். மூடிய மண்டபத்துக்குள் வைத்துப் பூட்ட வசதியுள்ள பள்ளிக்கு மட்டும் பலகைச் சரிவு சரி.

என் வீடு அந்த இடத்துக்கு நேர் எதிரே. இரவெல்லாம் சத்தம், சிகரெட், கூச்சல் என்றால் நான் எங்கே போவது? ஆட்சேபிக்க உரிமை உண்டா? — தாமான் குடியிருப்பாளர்

உரிமை உண்டு. நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (1976, சட்டம் 172) திட்ட அனுமதி கேட்கிறது. அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம், அதாவது 'ரன்ச்சாங்கான் தெம்பாத்தான்', இல்லையென்றால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபத்தில் 'வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். என்ன நிபந்தனை வேண்டும் என்று எழுதுங்கள்.

சத்தத்தைப் பற்றி: உருளும் ஓசையைவிடப் பலகையின் வால் தரையில் அடிக்கும் 'டக்' ஓசைதான் தூக்கத்தைக் கெடுக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அது 6 டெசிபல் குறையும். ஆகவே 15 மீட்டரில் இருப்பதை 60 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் குறைவு. காதுக்குப் பாதிக்கும் குறைவாகத் தெரியும். 50 மீட்டருக்குள் வீடு இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். முடியாதென்றால், தோண்டிய மண்ணைக் கொண்டு வீட்டுப் பக்கம் ஆளுயர மேடு போடச் சொல்லுங்கள். மண்ணை ஏற்றிச் செல்லும் லாரிச் செலவும் மிச்சம்.

விளக்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பகல் வெயிலில் யாரும் ஓட்டமாட்டார்கள், மாலை 5.30-க்கு மேல்தான் கூட்டம். விளக்கில்லாத திடல் இருட்டில் வேறு ஆட்களுக்குப் போகும். விளக்கு இருக்க வேண்டும், டைமரில் இரவு 10 மணிக்குத் தானாக அணைய வேண்டும், ஒளி கீழ்நோக்கி விழ வேண்டும். சிகரெட்டுக்கு மருந்து மதில் கட்டாமல் இருப்பது. சாலையிலிருந்தும் ஒட்டுக்கடையிலிருந்தும் உள்ளே பார்த்தால் தெரிகிற இடத்தில் ஒளிந்து புகைக்கமாட்டார்கள்.

குழிபோல் கட்டினால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கி வராதா? — சுகாதாரத் தொண்டர்

வரும், வடிகால் சரியில்லாவிட்டால். ஏடிஸ் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். 100 சதுர மீட்டர் குழியில் மணிக்கு 100 மி.மீ. மழை என்றால் நொடிக்கு 2.8 லிட்டர் தண்ணீர். 100 மி.மீ. குழாய் 1 விழுக்காட்டுச் சரிவில் அதை எளிதாகக் கொண்டுபோகும், ஆனால் நான்கு இலை விழுந்தால் அடைத்துக்கொள்ளும். 150 மி.மீ. போடுங்கள், கழற்றிக் கழுவக்கூடிய மூடியோடு. இவ்வளவுக்கும் பதில், முதல் திடலுக்குக் குழியே வேண்டாம் என்பதுதான். சமதரையில் தண்ணீர் தானாக ஓடிவிடும். ஓர வடிகாலில் மண் சேர்வதை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

என் மகளும் போகிறேன் என்கிறாள், வயது 11. பையன்கள் கூட்டத்தில் எப்படி விடுவது? விழுந்தால் யார் பொறுப்பு? — ஒரு தாய்

பயப்படுவதில் தவறில்லை, அம்மா. 2018 ஆசியப் போட்டியில் பெண்கள் 'ஸ்ட்ரீட்' தங்கத்தை வாங்கிய பிலிப்பீன்ஸின் மார்ஜிலின் டிடால், செபுவில் தச்சர் ஒருவரின் மகள், தெருவில் பழகியவர். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்துப் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் 2015-இல் ஒரு ஸ்கேட் திடல் கட்டினார்கள். அங்கே இரண்டே விதி: பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கு முதலிடம். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். வாரத்தில் ஒரு மாலை, சனிக்கிழமை 5 முதல் 6.30 என்று வைத்துக்கொள்ளுங்கள், பெண்பிள்ளைகளுக்கும் 10 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் மட்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் கழிப்பறை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பெண்பிள்ளைகள் அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்; திட்டம் போடுகிறவர்கள் இதை மறந்தேபோகிறார்கள்.

அதிகம் முறிவது மணிக்கட்டும் முன்கையும். கையை ஊன்றி விழுவதால் வருவது. முதல் மாதம் மணிக்கட்டுக் கவசம் கட்டாயம். தலைக்கவசம் இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தரக்குறி உள்ளதாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் கவசம் கனம், வேண்டாம். பலகையில் ஏறுமுன் புல்லில் நின்று, மடங்கித் தோளில் உருண்டு விழப் பழகச் சொல்லுங்கள். ஓடும் கார்களுக்கு நடுவே பழகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பொறுப்பைப் பற்றி: 'சொந்தப் பொறுப்பில் ஆடவும்' என்ற பலகை நிலம் வைத்திருப்பவரின் கடமையை முழுதாகக் கழுவிவிடாது. 18 வயதாகாத பிள்ளையிடம் கையெழுத்து வாங்கும் உறுதிமொழித் தாளுக்குச் சட்டத்தில் பலமில்லை; ஒப்பந்தம் செய்யும் வயது அதற்கு இல்லை. மாவட்ட மன்றம் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்கிறதா, மாதம் ஒருமுறை யார் வந்து விரிசலும் தளர்ந்த இரும்பும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார் என்று கேளுங்கள்.

தீமிதி, தேர் நாள்களில் அந்த வழிதான் எங்களுக்கு. என்ன செய்வது? — ஆலய நிர்வாகம்

திருவிழா நாள்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே மாவட்ட மன்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். அன்று விளக்கை அணைத்துச் சங்கிலி போடட்டும். திடலின்மேல் பந்தல்கால் நடத் துளை போடவோ, அதன்மேல் கற்பூரம், சூடத்தட்டு, அன்னதான அடுப்பு வைக்கவோ கூடாது. எண்ணெய்க் கறை கான்கிரீட்டில் இறங்கினால் போகாது, சக்கரம் வழுக்கும். தேங்காய் உடைக்கும் இடமும் தள்ளி இருக்கட்டும். சக்கரத்தை நிறுத்த ஓட்டுச் சில் ஒன்று போதும்.

எங்களுக்கு வேண்டியது நீச்சல்குளம் மாதிரி பெரிய 'போல்'. யூடியூபில் வருவது மாதிரி. ஊர்ப் பெரியவர்கள் எங்களிடம் எதையும் கேட்பதே இல்லை. நாங்கள் என்ன செய்யலாம்? — படிவம் 5 மாணவர், ஐந்து நண்பர்கள்

தம்பி, 'போல்' இப்போதைக்கு வேண்டாம். அதைக் கட்ட வளைவில் கான்கிரீட் பீய்ச்சும் இயந்திரமும், அதில் கைதேர்ந்த ஆள்களும் வேண்டும். அரைகுறையாகக் கட்டினால் இடித்துத்தான் எடுக்க வேண்டும். உங்களில் எத்தனை பேருக்கு 1.8 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கத் தெரியும்? சமதரையில் ஓலி (பலகையோடு எம்பிக் குதிப்பது) போடுகிறவர்கள்தான் அதிகம் என்றால் அதற்கேற்றதைக் கேளுங்கள். 'போல்' ஓட்டிப் பார்க்க ஆசையென்றால் ஷா ஆலாம் செக்‌ஷன் 13 எக்ஸ்ட்ரீம் பார்க்குக்கும் புத்ராஜெயா சேலஞ்ச் பார்க்குக்கும், திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொண்டு, ஒரு நாள் போய்வாருங்கள். கையில் அளவு நாடா எடுத்துப் போங்கள். எந்தத் திண்டு எத்தனை உயரம், எங்கே கூட்டம் நிற்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

பெரியவர்கள் கேட்கவில்லை என்றால் கேட்க வையுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள், உத்தேசித்த இடத்தில் 18 × 30 மீட்டரைக் கயிறு கட்டிக் காட்டுங்கள். நான்கு முளை, 96 மீட்டர் கயிறு, திண்டுகளுக்குச் சுண்ணாம்புக் கோடு. 'திடலை முழுங்கிவிடும்' என்று சொல்பவர் கயிற்றுக்குள் நடந்து பார்த்தால் அளவு புரியும். மனுவில் லாட் எண், தேடல் நகல், எண்ணிக்கைத் தாள், கயிறு கட்டிய படம், திடலைக் கூட்டிப் பெருக்கப் பொறுப்பேற்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஐந்தும் இருக்கட்டும். மாவட்ட மன்றத்தின் பொறியியல் பிரிவுக்கு ஒரு நகல், நிலவனப்புப் பிரிவுக்கு ஒரு நகல், சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கு ஒரு நகல்; மூன்றிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் எழுதுமுன் போய்ச் சேர வேண்டும்.

திறந்தபின் வேலை: தினமும் ஓட்டுமுன் மெல்லிய துடைப்பத்தால் ஒருமுறை கூட்டுவது. சரளை, செம்மண், செம்பனை லாரியிலிருந்து உதிரும் பழம், எதுவும் கிடக்கக்கூடாது. நிழலில் பாசி பிடித்தால் தண்ணீர் பீய்ச்சித் தேய்ப்பது. தரைக்கு வண்ணப் பெயிண்ட் அடிக்க மாவட்ட மன்றத்துக்கு ஆசை வரும், திறப்பு விழாப் படத்துக்கு நன்றாக இருக்குமாம். ஈரத்தில் வழுக்கும், வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். சுவரில் வேண்டுமானால் அடிக்கட்டும். மழை நின்றதும் ஏறாதீர்கள். தரை காய்ந்தாலும் பலகை நனைந்தால் அடுக்கு பிரியும், பேரிங் துருப்பிடிக்கும். நனைந்துவிட்டால் பேரிங்கைக் கழற்றித் துடைத்து, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு மாட்டுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசு பிடிக்கும்.